அடுத்தவர் சட்டையிலிருந்து மாப்பிள்ளை பதக்கங்களைப் பறித்தது பற்றி

என் வயது அறுபத்தெட்டு, பார்த்தால் ஐம்பதுதான் சொல்வார்கள். ஊரில் என்னைக் கோட்டு மாமா என்பார்கள், அந்தப் பெயருக்குத்தான் தபாலே வரும். மாவு மில்லுக்கு எதிர் மாடியில் குடியிருக்கிறேன், கீழே என் தையல் கடை. ஏழாவது வரை படித்தேன். இதற்கு மேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று வாத்தியாரே அனுப்பிவிட்டார். இப்போது லாக்கப்பில் இருக்கும் மாப்பிள்ளை என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை போரில் எதிரியிடம் பிடிபட்டு, முகாமில் கைதியாக இருந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பியவர். அங்கே நடந்தது பற்றி வாயே திறந்ததில்லை. அவர் சொல்லாததால் நான் சொல்லிவந்தேன். முள்வேலியைப் பல்லால் கடித்து அறுத்தார், காவல்காரனுக்கே சீட்டாடக் கற்றுக்கொடுத்தார் என்றெல்லாம் சொன்னது கடைக்கு வருகிறவர்களுக்காக. அதை இந்த வாக்குமூலத்தில் ஏற்ற வேண்டாம்.

கைதியாக இருந்து வந்தவர்களுக்கும் பதக்கம் உண்டு என்று இந்த வருடம்தான் அரசாங்கம் அறிவித்தது. மாப்பிள்ளை வேண்டாம் என்றார். "என்ன மாப்ள, உங்களைச் சிறைக்கா கூப்பிடுறாங்க? மேடைக்குத்தானே கூப்பிடுறாங்க. நம்ம குடும்பத்துல ஒருத்தராவது நெஞ்சை நிமித்தி நிக்க வேணாமா?" என்று நான்தான் சம்மதிக்க வைத்தேன்.

அதன் பிறகு கோட்டுத் தைத்தேன். கல்யாணமானதிலிருந்து அவர் என் கடைப்படி ஏறியதில்லை, குண்டூசி டப்பாவைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார். மகளின் பள்ளிக்கூட பேட்ஜையும் சட்டையில் குத்த விடாமல் பையில் போட்டுத்தான் அனுப்புவார். பட்டாளத்துக் கண்டிப்பு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆகையால் அளவைக் கண்ணாலேயே எடுத்தேன்; அப்படி எடுக்கத் தெரிந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

இன்று காலை மண்டபத்தில் ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். நாற்காலியே இருநூறுதான் என்று இதை எழுதும் இன்ஸ்பெக்டர் ஐயா சொல்வதால் இருநூறு என்றே இருக்கட்டும். பழைய கைதிகளை மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். மாப்பிள்ளையை முதல் ஆளாக நிறுத்தச் சொல்லி விழாக்காரர்களைக் கேட்டுக்கொண்டவன் நான். மேஜர் வந்து அவர் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். மாப்பிள்ளை அசையவில்லை. நான் தைத்த கால்சட்டையின் முன்பக்கம் நனைவதைப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டியதால் நானும் தட்டினேன்.

அதன் பிறகு மேஜர் ஒவ்வொருவருக்கும் குத்திக்கொண்டே போனார். முடிந்ததும், சாப்பாட்டுக்கு அழைத்துப் போக இருந்த சிப்பாய் ஒருவர், "பதக்கம் குத்தினவங்க எல்லாம் வாங்க, வெளியே வண்டி நிக்குது" என்றார். உடனே மாப்பிள்ளை பாய்ந்து, பக்கத்தில் நின்றவர் மார்பிலிருந்த பதக்கத்தைத் துணியோடு பிடுங்கினார். "யாரும் போகாதீங்கடா! நான் போறேன், நான் போறேன்!" என்று கத்திக்கொண்டே வரிசை முழுக்கப் பிடுங்கினார். பின்னாலிருந்து பிடித்த மேஜரைத் தள்ளிவிட்டார். மேஜர் பூந்தொட்டி மேல் விழுந்தார். மாப்பிள்ளை பதக்கங்களை எடுத்துக்கொண்டு ஓடி, கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். திருட்டு வழக்கு என்கிறார்கள்; திருடுகிறவன் தொட்டியிலா போடுவான்?

அதன் பிறகு ஸ்டேஷனுக்கு வந்தேன். முதலில் பதக்கத்தைப் பறிகொடுத்தவர் கிழிந்த சட்டையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒட்டகம் என்பார்கள், மாப்பிள்ளையோடு ஒரே முகாமில் இருந்தவர். "என்னய்யா ஒட்டகம், உனக்குப் பைத்தியமா மாப்பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "காலையில வரிசையில நிக்க வச்சு, சில பேரு சட்டையில சிவப்புத் துணி குத்துவானுங்க. குத்தினவங்களைச் சாயங்காலம் வண்டியில ஏத்துவானுங்க. ஒருத்தனும் திரும்புனதில்ல. ஒருநாள் எனக்குக் குத்தினாங்க. உங்க மாப்ள அதைப் பிடுங்கித் தன் சட்டையில குத்திக்கிட்டான். அன்னைக்கின்னு பார்த்து வண்டி வரல." தனக்குப் புகார் எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

நான் எதையும் ஒன்றுக்கு நாலாகச் சொல்கிறவன் என்று ஊருக்கே தெரியும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

அதன் பிறகு ஏட்டையா அனுமதித்ததால் லாக்கப் கம்பி அருகே போனேன். மாப்பிள்ளை சுவரில் முதுகு ஒட்ட விறைப்பாக நின்றிருந்தார். எல்லாருடையதையும் பிடுங்கியவர் தன்னுடையதை மட்டும் கழற்றவில்லை. கழற்றிவிடலாம் என்று கம்பிக்குள் கைநீட்டினேன்.

"தொடாதீங்க மச்சான்" என்றார். "ஆளு குறைஞ்சா வேற யாருக்காவது குத்திடுவானுங்க. நீங்க இங்க நிக்காதீங்க, போங்க." பிறகு மெதுவாக, "வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார்.

இன்று சாயங்காலம் அவரை வண்டியில் ஏற்றிச் சிறைக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். வழக்கை எப்படி வேண்டுமானாலும் நடத்துங்கள், அபராதம் போடுங்கள், மேஜர் காலில் நானே விழுகிறேன். சாயங்காலம் மட்டும் வேண்டாம், வண்டி மட்டும் வேண்டாம். ஏற்றித்தான் ஆகவேண்டுமென்றால் என்னையும் கூட ஏற்றுங்கள். அவருக்கு முன்னால் ஏற்றுங்கள், போய்த் திரும்பலாம் என்று அவர் பார்க்கட்டும்.

ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினார். ஆயிரம் பேர் என்று சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், சத்தியம். எங்கே கையெழுத்து என்று சீக்கிரம் காட்டுங்கள். வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் எனக்கே கேட்கிறது.

(ஒப்பம்)
கோட்டு மாமா