சம்மதம் கேட்காத படிவம்

கைபேசியில் தமிழ் அடிக்கும்போது நம் ஆட்களில் பாதிப் பேர் ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ போடுவார்கள். இருபத்திரண்டு வருடம் தமிழாசிரியையாக இருந்ததால் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். கோபமெல்லாம் வராது. பழகிவிட்டது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். வரிசையாக எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயசீலி. வயது ஐம்பத்து நான்கு. மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெருவில் சொந்த வீடு. கணவர் வில்பிரட், கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பள்ளியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் போனதுதான் கஷ்டம். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவேன்.

அப்படி இருந்தபோதுதான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரி மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெயர். வேறொருவருடைய சரக்குக்கு நாம் இணையத்தில் விளம்பரம் போடவேண்டும். அதன் வழியாக யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன். விளம்பரச் செலவு நம்முடையது. ஆனால் விளம்பரம் கண்ணில் பட்டால் மட்டும் காசு போகாது, யாராவது அதைத் தொட்டால்தான் போகும். சொல்லிக்கொடுத்தவர் ஜோனத்தான் என்ற இளைஞர். நான்தான் வகுப்பில் மூத்தவள். கடைசி வரை நோட்டில் எழுதிக்கொண்டவளும் நான் ஒருத்திதான்.

முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போட்டேன், பிறகு மிக்ஸிக்கு. தொட்டவர்கள் யாரும் வாங்கவில்லை. ஜோனத்தானிடம் கேட்டபோது சிரித்தார்.

“ஆன்ட்டி, யாருக்கு வலிக்குதோ அவங்கதான் ஃபார்ம் ஃபில் பண்ணுவாங்க. மிக்ஸி யாருக்கு வலிக்குது?”

அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். எங்கள் சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்து வாசிப்பவள் நான். பெண்கள் எழுதிப் போடும் சீட்டுகளில் பாதி கணவனுடைய குடியைப் பற்றித்தான் இருக்கும். ஆகவே எனக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

படப்பையைத் தாண்டி நற்கரை இல்லம் என்ற குடி மறுவாழ்வு மையம் இருந்தது. நடத்தியவர் துரை. நான் அனுப்பி ஒருவர் சேர்ந்தால் எனக்கு ஒரு தொகை என்று பேசிக்கொண்டோம். மற்ற விளம்பரக்காரர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். நான் தமிழில் போட்டேன். அதிலும் பிழையான தமிழில். ‘கணவர்’ என்று சரியாக அடித்துத் தேடுகிறவளுக்கு முன்னால் நாலைந்து விளம்பரங்கள் நிற்கும். ‘கனவர் குடி நிருத்த’ என்று அடிப்பவளுக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன். பதற்றத்தில் அடிப்பவர்களுக்குத்தான் பிழை அதிகம் வரும். பதற்றத்தில் இருப்பவர்கள்தான் சீக்கிரம் முடிவெடுப்பார்கள். பிழையான சொல்லைத் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்ட விலையும் குறைவு.

நேரத்தையும் கவனித்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தேடல் அதிகம். ஞாயிற்றுக்கிழமை குடித்துச் சண்டை போட்டவன் வெளியே போயிருப்பான், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், வீட்டில் அவளும் கைபேசியும் மட்டும்தான். வரைபடத்தில் முடிச்சூரிலிருந்து கோவளம் வரை வட்டம் போட்டு, தினமும் காலை பத்து மணிக்கு விளம்பரத்தை ஓடவிட்டேன், திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக.

விளம்பரத்தைத் தொட்டால் ஒரு படிவம் வரும். பெயர், வயது, எத்தனை வருடமாகக் குடிக்கிறார், கை நீட்டுவாரா, விலாசம், போன் எண். முதலில் ஏழாவதாக ஒரு கேள்வியும் வைத்திருந்தேன்: வருவதற்கு அவர் சம்மதிப்பாரா? பத்துப் பேரில் ஏழு பேர் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டார்கள். அதை எடுத்துவிட்டேன். அந்த வாரமே படிவங்கள் நிறைந்து வர ஆரம்பித்தன. துரைக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

“அத்த வச்சிகினு இன்னா பண்றது அக்கா? வேன்ல நாலு பேரு போறோம். சம்மதிப்பான்” என்றார்.

மையத்துக்கு ஒரு முறை நேரில் போனேன், படம் எடுப்பதற்காக. இருபது பேர் தங்கும் கூடத்தில் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் மொட்டை. ஜன்னல்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“டீச்சர் மாதிரி கீறீங்க. எங்க வூட்டுக்கு ஒரே ஒரு போன் போடுங்கம்மா. நான் இங்க கீறேன்னு என் தம்பிக்குத் தெரியாது.”

எண்ணைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் இருந்த வேப்பமரத்தைப் படம் எடுத்தேன். விளம்பரத்துக்கு அது நன்றாக இருந்தது. அந்த எண்ணுக்கு நான் பேசவில்லை. எண் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தேவைப்பட்டால் எழுதித் தருகிறேன்.

போன செப்டம்பரில் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து புஷ்பலதா என்ற பெண் படிவம் நிரப்பினாள். கணவன் குப்பன், கடலுக்குப் போகிறவன், வயது முப்பத்து மூன்று. முதல் போனை எப்போதும் நானே பேசுவேன். ஆசிரியை குரலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

“அடிக்க மாட்டாங்கல்லக்கா?” என்று கேட்டாள்.

டாக்டர் இருக்கிறார் என்று சொன்னேன். வாசல் பலகையில் ஒரு டாக்டரின் பெயர் எழுதியிருந்தது, அதைத்தான் சொன்னேன்.

குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வருமாம். மையத்தில் சேர்ந்த நான்காவது நாள் குப்பன் இறந்துபோனான். மாரடைப்பு என்று துரை சொன்னார். இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் முத்தாலம்மாள் எனக்குப் போன் செய்தார். மீன் விற்கிற அம்மா. பின்னால் பேரம் பேசும் சத்தம் கேட்டதால் சந்தையிலிருந்துதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

“யம்மா, டாக்டர் கீறாருன்னு நீதான சொன்ன? எம்புள்ள கையில கவுறு கட்ன தடம் கீது. ரெண்டு கையிலயும் கீதும்மா.”

“நான் விளம்பரம் மட்டும்தான் பாக்கறேன்மா” என்றேன்.

“வெளம்பரம்னா இன்னா?”

பொறுமையாக விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலத்தான். முழுவதையும் கேட்டார்.

“அப்போ எம்புள்ள செத்ததுக்கு உனக்குத் துட்டு வந்துச்சா?”

சேர்ந்ததற்குத்தான் வந்தது, இறந்ததற்கு இல்லை என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பலர் ‘குப்பன் கோவளம்’ என்றும் ‘நற்கரை இல்லம் சாவு’ என்றும் தேட ஆரம்பித்தார்கள். அந்தச் சொற்களுக்கு யாருமே விளம்பரம் போட்டிருக்கவில்லை. நான் போட்டேன். குப்பனின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு வண்டலூர் பக்கம் இருந்த இன்னொரு மையத்தின் விளம்பரம் வரும்படி அமைத்தேன். ‘பயம் வேண்டாம், இங்கே பாதுகாப்பு’ என்பது நான் எழுதிய வாசகம். ஒரு வாரத்தில் பதினொரு குடும்பங்கள் அதைத் தொட்டன. அந்த மையத்தை நான் போய்ப் பார்த்ததில்லை.

இது எதுவும் வில்பிரட்டுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் கம்ப்யூட்டரில் ஏதோ நல்ல காரியம் செய்கிறேன் என்பதுதான். ஒருநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது முத்தாலம்மாள் மறுபடி போன் செய்திருக்கிறார். இவர் எடுத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, தபால் ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கோவளத்துக்குப் போயிருக்கிறார். மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். முகம் கழுவவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் எதிரில் உட்கார்ந்தார்.

“சீலி, அந்தம்மா பொய் சொல்லல. போட்டோ காட்டினாங்க, பாத்துட்டு வந்தேன்.”

நான் சாதம் போட்டேன். அவர் தட்டைத் தொடவில்லை.

“திங்கட்கிழமை பத்து மணிக்கு அவங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீயும் வா. நீயா சொல்லிட்டா நல்லது. என்ன ஆனாலும் நான் உன் பக்கத்துலதான் இருப்பேன்.”

“வேண்டாம்னு சொன்னா?”

“அப்பவும் நான் போவேன் சீலி.”

குரலை உயர்த்தவில்லை. முப்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை முழுக்க நிதானமாக யோசித்தேன். போலீஸ் வந்தால் மையத்தை மூடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் மறுபடி குடிப்பார்கள். அந்த மாதம் மட்டும் முப்பத்தொரு பெண்கள் என்னை நம்பிப் படிவம் நிரப்பியிருந்தார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒருவருடைய மனக்குறுகுறுப்புக்காக அத்தனை குடும்பங்களைக் கைவிடுவது சரியாகப் படவில்லை. அவருக்குக் கொஞ்ச நாள் அமைதியான இடத்தில் ஓய்வு கிடைத்தால் போதும், தெளிந்துவிடுவார் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் விளம்பரப் பக்கத்தை நானே திறந்து படிவத்தை நிரப்பினேன். பெயர் வில்பிரட். வயது அறுபத்தொன்று. பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று ஒரு வாய் திராட்சை ரசம் குடிப்பதைத் தவிர அவருக்கு எந்தப் பழக்கமும் இல்லை. கை நீட்டுவாரா என்ற இடத்தில் ஆம் என்று போட்டேன். இல்லை என்று போட்டால் துரை ஆட்களைக் குறைத்து அனுப்புவார்.

துரை உடனே கூப்பிட்டார்.

“இன்னாக்கா, சாரு பேரு கீது?”

“வெளியில தெரியாது துரை. வீட்டுக்குள்ளதான். ஸ்டேஷன், கேஸுன்னு என்னென்னவோ உளறுவாரு, கண்டுக்காதீங்க” என்றேன்.

விலாசம் சரிதானா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, “புரிஞ்சிச்சிக்கா” என்றார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வேன் வந்தது. வில்பிரட் வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மாட்டியாகிவிட்டது. நான்கு பேர் வந்து அவரைத் தூக்கினார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. வந்தவர்களிடம் “யாருப்பா நீங்க, வீடு மாறி வந்துட்டீங்க” என்றார். வாசல் வரை போனதும்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சீலி, இவங்ககிட்ட சொல்லு.”

“போயிட்டு வாங்க” என்றேன்.

எதிர்வீட்டு மஹாலட்சுமி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவ்ளோ நாளா எப்படி டீச்சர் வெளிய தெரியாம சமாளிச்சீங்க?” என்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அந்த இடத்தில் அழாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அவருடைய இன்சுலின் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. துரையின் ஆட்கள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. படிவத்தில் வேறு நோய் உண்டா என்ற கேள்வி கிடையாது. கேள்விகள் கூடினால் நிரப்புபவர்கள் குறைவார்கள்.

பதினொரு மணிக்கு அவருடைய போன் அடித்தது. முத்தாலம்மாள். மருமகளோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொன்னார்.

“சாரு எங்கம்மா? பத்துக்கு வரேன்னாரே.”

“ஊருக்குப் போயிருக்காரு” என்றேன்.

“சொல்லாம போற ஆளு மாதிரி தெரியலியே” என்றார்.

மறுநாளும் வந்து நின்றிருக்கிறார்கள். அதற்கு அடுத்த நாளும். அந்த அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னீர்கள். உங்களை என் வீட்டுக்கு அனுப்பியது அவர்தான் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆறாவது நாள், சனிக்கிழமை, துரை போன் செய்தார். காலையில் எழுப்பினால் எழவில்லையாம். மூன்று நாளாக வாந்தி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை சபையில் ஆராதனை வைத்து அடக்கம் செய்தோம். நல்ல கூட்டம். மரியாதைக்காக மூன்று நாள் விளம்பரத்தை நிறுத்தி வைத்தேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மறுபடி ஓடவிட்டேன். அன்றைக்கும் படிவங்கள் வந்தன. நானே பேசினேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் எழுதிவிடுகிறேன். படிவத்தை நிரப்பியது நான்தான். வேனை வரவழைத்ததும் நான்தான். அவருக்குப் பதினான்கு வருடமாகத் தினமும் இரண்டு வேளை ஊசி போட்டுவிட்டவளும் நான்தான். அது இல்லாமல் அவரால் ஒரு வாரம் தாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருந்தால் வில்பிரட்டுக்கே எல்லாம் புரிந்திருக்கும்; நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததே கிடையாது.