ஒல்லாந்தர் காலத்து ரவை

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இருவர் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"வாசிகசாலைக் கண்ணாடிப் பெட்டியிலை ஒரு துப்பாக்கி ரவைக்கோது கிடக்கு, அண்ணை. 'ஒல்லாந்தர் காலத்தது' எண்டு சீட்டு. ஒல்லாந்தனுக்குப் பித்தளைக் கோது ஏது? அவன் துவக்கின்ரை வாயாலை மருந்து இடிச்சவன். கோதின்ரை அடியிலை இங்கிலீஷ் எழுத்து. வெள்ளைக்காரப் பட்டாளத்தின்ரை த்ரீ நொட் த்ரீ துவக்கின்ரை கோது, அடிச்சுச் சொல்லுவன்."

"ஓம் தம்பி. அது எங்கடை அப்பா அந்தப் பட்டாளத்திலை இருந்து கொண்டந்தது. சீட்டு எழுதின சரித்திர வாத்தியார் நம்பேல்லை. சாகுமட்டும் ஊர் அப்பாவைப் புளுகன் எண்டுதான் சொன்னது."

"வாத்தியார் அடியைத் திருப்பிப் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. பழையதென்றால் ஒல்லாந்தருடையதாகத்தான் இருக்கும் என்று அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான்.