ஒன்பது நொடிக்கு ஒருமுறை

2025 ஜூலை 10, வியாழக்கிழமை, காலை 9.20 மணி. ஒரகடத்தில் வெயில் 34 டிகிரி, காற்று இல்லை. விசாரணை அதிகாரியாகிய உங்கள் அறையில் தேநீர் நன்றாக இருக்கிறது. இஞ்சி மட்டும் சற்று அதிகம். வாக்குமூலத்தை நானே எழுதித் தர அனுமதித்ததற்கு நன்றி. பிறர் எழுதினால் ஒற்று விடுபடும்.

என் பெயர் பலராமன். கார்களின் கதவுக் கீல்களை அழுத்தி எடுக்கும் இந்த ஆலையில், எந்த வேலைக்கு எத்தனை நொடி என்று நிர்ணயிப்பது என் பணி. ஓய்வு நேரத்தில், இப்பகுதித் தொழிலாளர்கள் கைப்பேசியில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குப் போட்டி நடத்துகிறேன். மறைமலை நகர் முதல் சேரப்பணஞ்சேரி வரை பதினாறு அணிகள். விதிகளை இயற்றியவன் நான். மீறுவோரை நீக்குபவனும் நான். இதற்கு எவரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை, வாட்ஸ்அப் குழுவில் இரண்டு முறை நினைவூட்டியதைத் தவிர.

ஏமாற்றுக்காரர்களிடம் நான் கடுமை காட்டியதில்லை. சுவருக்கு அப்பால் நிற்பவரையும் காட்டிக்கொடுக்கும் செயலியை வைத்திருந்த மூவரை எச்சரித்து விட்டுவிட்டேன். அவர்களுடைய மன்னிப்புக் கடிதங்களில் ஒரு சந்திப்பிழைகூட இல்லை. கடிதங்களை எழுதியதும் ஒரு செயலிதான் என்பது பின்னர் தெரிந்தது. ஆயினும் சந்தி சரியாக இருந்தது.

‘போட்’ என்பது வேறு. அது மனிதரின் பெயரில் ஆடும் நிரல். மன்னிப்புக் கேட்கவும் அறியாதது. எனவேதான் நான்காம் விதியை எழுதினேன்: ‘ஒரே செயலைச் சம இடைவெளியில் தொடர்ந்து செய்வது போட் எனக் கருதப்படும்.’

ஜூன் மாத அரையிறுதியில் எங்கள் அலுவலர் அணி, தொழிலாளர் தங்கும் விடுதியின் அணியைச் சந்தித்தது. அதன் தலைவர் இசக்கி. கோவில்பட்டிக்காரர், வயது இருபத்து மூன்று, எங்கள் ஆலையில் மூன்றாம் இயந்திரத்தில் வேலை. அவர் சுவருக்குப் பின்னிருந்து ஒன்பது நொடிக்கு ஒருமுறை தலையை நீட்டினார், ஒரே ஒரு குண்டு சுட்டார், மறைந்தார். ஏழு முறை அந்தக் குண்டு என் மீது பட்டது. ஆட்டப் பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

அன்றே அறிவிப்பு வெளியிட்டேன்: ‘இசக்கி நீக்கப்பட்டது.’ விடுதி அணி தகுதி இழந்தது. தற்செயலாக, எங்கள் அணி இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. தற்செயல் என்னும் சொல்லைக் கவனத்துடனேயே பயன்படுத்துகிறேன்.

மறுநாள் உணவுக்கூடத்தில், இசக்கியோடு அதே இயந்திரத்தில் நிற்கும் யாக்கோபு எல்லாரும் கேட்கக் கேட்டார்: “இன்னா போட்டு, சோறு துன்றியா, சார்ஜ் ஏத்திக்கிறியா?” எல்லாரும் சிரித்தார்கள். அயற்சொல்லின் ஈற்றில் உகரம் சேர்வது இயல்பே. அதில் குறை காண இடமில்லை.

இசக்கி என் மேசைக்கு வந்தார்.

“சார், ஆட்டம் போனாப் போவுது. ‘நீக்கப்பட்டது’ன்னு போட்டிருக்கீயளே, நான் என்ன ஆடா, மாடா? ஊர்ல என் தங்கச்சி வரைக்கும் அனுப்பி வச்சிட்டானுவ. அவ போன்ல ‘அது சாப்ட்டுச்சா’ன்னு கேக்கா.”

போட் அஃறிணை என்பதை விளக்கினேன்.

“நான்தான் போட் இல்லயே சார். என்னைத் தெனமும் பாக்கீய.”

தினமும் பார்ப்பது விதிகளில் சான்றாகச் சேர்க்கப்படவில்லை என்றேன்.

மூன்றாம் இயந்திரத்தில் வேலை நடக்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். இசக்கி அச்சுக்குள் தகட்டை வைத்துக் கையை எடுப்பார், எதிர்ப்பக்கம் யாக்கோபு மிதியை அழுத்துவார், இயந்திரம் இறங்கும். ஒரு தகட்டுக்கு ஒன்பது நொடி. அந்த எண் என்னுடையது. கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் உணரி ஒன்று முன்பு இருந்தது. அது தகட்டுக்கு ஒரு நொடியை வீணாக்கியதால், அதை அணைக்கப் பரிந்துரைத்தேன். அந்தப் பத்தி செறிவாக அமைந்தது என்று மேலாளரே பாராட்டினார். அதன் பிறகு அந்தக் கையைக் காத்தது எண்ணிக்கை ஒன்றுதான்.

தடை நீங்க என்ன வழி என்று இசக்கி கேட்டார். மூன்று நாள் பயிற்சி ஆட்டங்களில் எந்த இரண்டு இடைவெளியும் சமமாக இருக்கக் கூடாது என்றேன்.

“கை கேக்க மாட்டேங்கு சார். எட்டு மணி நேரமும் அதே கணக்குலதான ஓடுது.”

“அப்படியானால் மாற்றிப் பழகுங்கள்.”

“எங்கன வச்சு சார்?”

“பழகிய இடத்திலேயே.”

இரண்டே சொற்கள். அவற்றில் தேவையற்றது எதுவும் இல்லை.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.10 மணிக்கு, இசக்கி ஒன்பதாம் நொடியில் கையை எடுக்கவில்லை. யாக்கோபு என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அவன் கரீட்டா எடுத்துருவான் சார். நான் பாக்கவே மாட்டேன். ஒம்போதுன்னா என் காலு தானா மிதிச்சிரும். அன்னிக்குன்னு இன்னாத்துக்கு சார் லேட் பண்ணான்?” யாக்கோபு அழுதுகொண்டிருந்ததால், விடையைப் பிறகு சொல்லலாம் என விட்டுவிட்டேன்.

வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

ஞாயிறன்று இறுதிப்போட்டி நடந்தது. நான் மன்னித்த மூவரும் இருந்த அணியிடம் தோற்றோம். ஆட்டம் விதிப்படியே நடந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் மனிதர் என்று எனக்குத் தெரியுமா? திரையில் ஒன்பது என்ற எண்ணைக் கண்டவுடனேயே தெரியும். எண்ணிக்கை தவறினால் அந்த இயந்திரத்தில் என்ன ஆகும் என்று தெரியுமா? அதைக் கணக்கிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் கையை வைத்தவர் அவர், மிதித்தவர் யாக்கோபு. நான் விதியை விளக்கினேன்.

விபத்துக்காக நடைமுறையை நான் கைவிடவும் இல்லை. விபத்துக்கு முந்தைய மூன்று நாளில் இசக்கி ஆடிய ஆட்டங்களை ஆராய்ந்தேன். ஏழு, பதினொன்று, எட்டு, பதின்மூன்று. எந்த இரண்டும் சமமாக இல்லை, நன்றாகவே பழகியிருந்தார். எனவே முடிவை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, நேற்று மாலை படப்பை மருத்துவமனைக்கு நேரில் எடுத்துச் சென்றேன். ‘இசக்கி மனிதர் என்பது இதனால் உறுதிசெய்யப்படுகிறது, தடை நீக்கப்படுகிறது.’

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“இத வச்சு இனி என்ன சார் செய்ய?”

நெகிழி உறைக்குள் வைத்தால் கசங்காது என்றேன். பிறகு, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக என் படியில் கையொப்பமிடச் சொன்னேன். இடக்கையால் நெடுநேரம் எழுதினார். ஆலைப் பதிவேட்டில் உள்ள அவருடைய கையொப்பத்தோடு அது சற்றும் பொருந்தவில்லை. பெற்றுக்கொண்டவர் இசக்கிதானா என்பது ஐயத்திற்குரியது என்று ஓரத்தில் குறித்து வைத்தேன்.