இடது பக்க ஸ்டியரிங்

மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. தருவைகுளத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, உப்பளங்களுக்குள் ஓடும் பழைய சாலை. இரண்டு பக்கமும் கண் கூசும் வெள்ளை. மரம் இல்லை. ஆள் இல்லை. மனிதனின் நிழல்கூட அவன் காலடியில் போய்ச் சுருண்டுகொள்ளும் நேரம்...

பேய்க் கதைக்கு வெயில் எதற்கு என்று கேட்பீர்கள். இருட்டில் வருவது பயமுறுத்திவிட்டுப் போய்விடும். உச்சி உருமத்தில், இந்த நடுமத்தியானத்தில் வருவதற்கு நம்மிடம் வேலை இருக்கும்.

துறைமுக வாசலில் லாரி வரிசை எப்படியும் விடியும்வரை நகரப் போவதில்லை. நெருங்கி உட்காருங்கள். நான் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்த்தபோது கூட நின்றவன் ரெனிஷ். இது அவனுடைய தாய்மாமன் மெல்வினுக்கு நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மெல்வின் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது அவரிடம் இரண்டு பழைய இத்தாலிய கார்கள் இருந்தன. இரண்டுமே ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, வேண்டுமானால் துணியை இழுத்து மூடிக்கொள்ளலாம். ஒன்று அறுபத்தேழாம் வருடத்து வண்டி, வெள்ளை. பின்பக்கம் நீண்டு, வழுவழுவென்று உருண்டு முடியும். இத்தாலிக்காரர்களே அதைக் கணவாய் மீனின் ஓடு என்றுதான் கூப்பிடுவார்களாம். வீட்டிலும் கணவாய் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மற்றது எழுபத்து நாலு, சிவப்பு. அதே உடம்புதான். வாலை மட்டும் ஒரே வீச்சில் நறுக்கிய மாதிரி இருக்கும். அது வெட்டுவால்.

இரண்டில் எது நல்ல வண்டி? யாரைப் பிடித்தாலும் மெல்வின் இதைத்தான் பேசுவார். கணவாய்க்குச் சின்ன இன்ஜின், ஆனால் லேசான உடம்பு. ஸ்டியரிங்கை விரலால் தொட்டாலே மூக்கு திரும்பும். வெட்டுவால் இரண்டாயிரம் சி.சி. இழுவை அதிகம். டிக்கியில் இரண்டு பெட்டி வைக்கலாம், கூரைத்துணி ஒழுகாது, நெடுந்தூரம் போனாலும் முதுகு வலிக்காது. "வெட்டுவாலை நாம ஓட்டுதோம். கணவாய்ல ஏறுனா அதுதான் நம்மளக் கூட்டிட்டுப் போவுது" என்பார். உப்புக்காற்று மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை. இரண்டிலும் சீட்டுக்கு அடியில் தகரம் அப்பளம்போல் நொறுங்கும்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. வெட்டுவால் இங்கிலாந்தில் ஓடிய வண்டி. நம் ஊர்போல ஸ்டியரிங் வலது பக்கம். கணவாய் இத்தாலியிலேயே ஓடியது. அதற்கு இடது பக்கம்.

"ஏலே, கார் புரோக்கர் மாதிரில்லா பேசுத. பேய் எப்ப வரும்?"

வரும் அண்ணாச்சி. அது ஏறி உட்கார வண்டி வேண்டாமா?

மெல்வினின் மனைவி விஜிலா. அவளுக்கு ஒரே தம்பி, வளன். அப்பா அம்மா இல்லாத பையன். அவள்தான் வளர்த்தாள். அவனுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். பெண் பெயர் கிரேசி. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றும் வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை எந்தக் காரில் கோயிலுக்குப் போவது என்பதுதான் வீட்டில் பாக்கியிருந்த ஒரே சண்டை. மெல்வின் கணவாய் என்றார். வளன் வெட்டுவால் என்றான். சனிக்கிழமை காலையில் உப்பளச் சாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது என்று கிளம்பினார்கள்.

விஜிலா வாசலில் மறித்தாள்.

"ஓலை வாசிச்ச பையன வெளிய கூட்டிட்டுப் போறீங்க. உருமத்துக்கு முன்னால அவன் இந்த வாசல்ல வந்து நிக்கணும்."

"ஒந் தம்பிய யாரும் கடிச்சுத் தின்னுற மாட்டாவ."

"தம்பி வந்தாப் போதும். ரெண்டு டப்பாவும் அங்கனயே கெடந்து துருப்பிடிக்கட்டும்."

பதினொன்றரை வரை ஓட்டினார்கள். வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கணவாய்தான் என்று வளனே ஒத்துக்கொண்டபோது அது இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது. பெட்ரோல் டேங்கின் துரு உள்ளே போய் அடைத்திருந்தது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்ததில் பேட்டரியும் செத்தது. ஹார்ன்கூட அடிக்கவில்லை.

பக்கத்தில் ஓர் உப்பளத்து மோட்டார் ரூம். காவல்காரன் மாரிராஜ் மெல்வினுக்குத் தெரிந்தவன். வள்ளத்துக் கயிறு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றான்.

"நெழலு கொஞ்சம் சாயட்டும் அண்ணாச்சி. இந்த நேரத்துல அந்த மடையத் தாண்டி நாங்களே போவ மாட்டோம். பாத்தில வேல பாக்கிய பொம்பளையளும் பதினோரு மணிக்கே ஏறிட்டாவ பாருங்க."

"எங்க அக்கா அதவிட மோசம் அண்ணே" என்றான் வளன். "லேட்டாப் போனேன்னா திங்கக்கெழம எனக்குப் பதிலா இந்தக் கணவாயத்தான் பலிபீடத்துல நிப்பாட்டுவா."

வெட்டுவால் முன்னால். அதில் மெல்வின். கயிற்றின் மறுமுனையில் கணவாய். அதில் வளன்.

வெட்டுவாலின் இன்ஜின் சத்தத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்காது. அதனால் மெல்வின் ஓர் ஏற்பாடு சொன்னார். அவர் அப்பா சங்கு குளித்தவர். மூழ்கிப் போகிற முங்காளியின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். கீழே மூச்சு முட்டும்போது அதைச் சுண்டுவான். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவன் எதையும் யோசிக்காமல் இழுக்க வேண்டும். எட்டிப் பார்க்கக்கூடாது, என்ன என்று கேட்கக்கூடாது. அந்த நேரத்தில் ஓர் உயிர் போய்விடும்.

"அதே கணக்குதான் மாப்ள. எங்கயாவது நின்னு கெளம்பணும்னா கயித்த ஒரு சுண்டு சுண்டு. நான் இழுத்துருவேன்."

"செரி அத்தான்."

கயிறு பிடிப்பவன் யார் என்பதற்கும் அந்த வேலையில் ஒரு முறை இருந்தது. முங்கியவனின் மனைவியுடைய அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, விடமாட்டான். அன்றைக்கு அது தலைகீழாக இருந்தது, கயிறு பிடித்தது அத்தான், முனையில் மச்சினன். மெல்வினுக்கு அது தோன்றவில்லை. காரை இழுப்பதற்கெல்லாம் யாருக்குத் தோன்றும்?

மடை வரைக்கும் ஒன்றுமில்லை.

மடைக்குப் பக்கத்தில் ஒரு மேடு. பார்த்தால் மண் மாதிரி இருக்கும், காலை வைத்தால் நறநறக்கும். எல்லாம் சிப்பி. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை அங்கே கொட்டி அழுக விடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகு அலசி முத்தைப் பொறுக்குவார்கள். முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு அங்கே நாற்றம் அடிக்க வழியே இல்லை.

அடித்தது... முதலில் கருவாடு மாதிரி. பிறகு தொண்டைக்குள் இனிப்பாக இறங்கியது.

அதே சமயம் வண்டி சட்டென்று லேசானது. மெல்வின் பிரேக்கை மிதித்தார். கணவாய் பக்கம் முடிச்சு அவிழ்ந்து, கயிறு தரையில் கிடந்தது. வளன் இறங்கி வந்து அதை எடுத்து ஆட்டிக் காட்டினான்.

"கட்டிட்டுச் சுண்டுதேன் அத்தான்!"

மெல்வின் இறங்கவில்லை. இன்ஜினை நிறுத்தவும் பயம், இதுவும் நின்றுவிட்டால்? கண்ணாடியில் பார்த்தார். வளன் கணவாயின் மூக்குக்குக் கீழே குனிந்தான். மறைந்தான்.

வெயில். இன்ஜின் சத்தம். மூக்கில் அந்த நாற்றம்.

கயிறு சுண்டியது.

ஒரே ஒரு சுண்டு. ஆனால் வெட்டுவாலின் பின்பக்கம் ஒரு முறை அமுங்கி எழும் அளவுக்கு.

மெல்வின் கண்ணாடியைப் பார்த்தார். கணவாயில் தலை தெரிந்தது. அதன் முன்கண்ணாடிக்குப் பின்னால், வலது பக்கம், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கிளட்சை விட்டார். கிளம்பினார்.

கணவாய் லேசான வண்டி. வருகிற வழியெல்லாம் வெட்டுவாலுக்கு அது இருப்பதே தெரியவில்லை. இப்போது முதல் கியரில் முக்கியது. இரண்டாவது கியர் ஏறவே இல்லை. எதையோ அடியிலிருந்து தூக்குவதுபோல இருந்தது என்று மெல்வின் பிறகு சொன்னார். நிறுத்திப் பார்க்கலாம் என்று காலை எடுத்தார். உடனே கயிறு சுண்டியது. கால் தானாக மிதித்தது. மறுபடி எடுத்தார். மறுபடி சுண்டியது. சுண்டினால் இழுக்கத்தான் வேண்டும்... அவர் ரத்தத்தில் இருந்த பழக்கம் அது. இழுத்தார். ஊர் எல்லை வரும்வரை இழுத்தார். ரயில்வே கேட் தாண்டியதும் பாரம் விட்டது. நாற்றமும் போனது.

வீட்டு வாசலில் நிறுத்தி, முடிச்சை அவிழ்க்க இறங்கினார். கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணவாயில் யாரும் இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால், இடது சீட்டில் கை வைத்தார். காய்ந்து, கொதித்தது. பக்கத்துச் சீட்டில் தண்ணீர் குளமாக நின்றது. பச்சைப்பாசி மிதந்தது.

வலது பக்கம்.

நம் ஊரில் ஓட்டுகிறவன் வலது பக்கம்தானே உட்காருவான். அந்தத் தலையைப் பார்த்தபோது கண்ணுக்குத் தப்பாகவே படவில்லை.

விஜிலா வாசலில் நின்றாள். முகத்தில் கோபம்.

"என்ன கோலத்துல கூட்டிட்டு வந்திருக்கீங்க? தொப்பு தொப்புன்னு நனைஞ்சு, என் மொகத்தக்கூடப் பாக்காம உள்ள போறான். ஓடைக்குள்ள தள்ளி வெளையாடுனீங்களோ?"

"வளன் உள்ள போய்ட்டானா?"

"இப்பந்தான். ரூம்ல கதவச் சாத்திட்டான்."

மெல்வின் படியில் உட்கார்ந்தார். எங்கேயோ இறங்கி ஓடிவந்திருப்பான், வாய்க்காலில் விழுந்திருப்பான்... மனசு நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்துவிடும். நம்பினார். கால் மணி நேரம்கூட அந்த நம்பிக்கை நிற்கவில்லை. போன் அடித்தது.

"அண்ணாச்சி, மாரிராஜ். மடைக்குப் பக்கத்துப் பாத்தில ஒங்க மச்சினன் குப்புறக் கெடக்காரு. கணுக்கால் தண்ணிதான் அண்ணாச்சி... தூக்கிப் போட்டுப் பாத்துட்டேன். மூச்சு இல்ல."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். மூழ்கிச் செத்திருக்கிறான். இரண்டு காதிலும் சவ்வு கிழிந்திருந்தது. பல ஆள் ஆழத்துக்கு இறங்கினால்தான் அப்படிக் கிழியும். கணுக்கால் தண்ணீரில் கிழியாது.

மெல்வின் போனைக் கையில் பிடித்தபடி அந்த அறைக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே மூச்சு விடும் சத்தம். நீளமாக, விசில்போல, ஒவ்வொன்றாக... மேலே ஏறி வந்த முங்காளி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது கேட்டது.

"அவன் உள்ளதான் இருக்கான், பெறகு பாத்தில கெடக்கது யாராம்?" விஜிலா கதவைத் தட்டினாள். "ஏலே வளன், தொறல."

மூச்சு நின்றது.

கதவை உடைத்தார்கள். தரை முழுக்கத் தண்ணீர். தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கல்யாணக் கோட்டும் சூட்டும் தொங்கிய இடத்தில் வெறும் ஹேங்கர் ஆடியது.

மெல்வின் வாசலுக்கு ஓடினார். வெட்டுவால் நின்றது. கயிறு தரையில் கிடந்தது. கணவாய் இல்லை.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. கிரேசியின் அம்மா, பிளாரன்ஸ். கடற்கரைச் சாலையில் இருக்கிறார்கள்.

"என்ன மெல்வின் தம்பி, இப்படிப் பண்ணிட்டீய? கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ள பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்கலாமா? அதுவும் கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு. உள்ள வாங்கன்னா வரல. வாயும் தொறக்கல. ஒரே ஈரம், வேர்வன்னு நெனைக்கேன்."

மெல்வின் தரையில் கிடந்த ஈரக் கயிற்றைப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவத்தான் வந்திருக்காருன்னு இவளும் ஓடிப் போய் ஏறிட்டா. சின்னஞ்சிறுசுவோ, போவட்டும்னு விட்டுட்டேன். நல்ல வண்டி தம்பி. போறது வாரது தெரியல, இன்ஜின் சத்தமே இல்ல பாத்துக்கிடுங்க."

"அவள எறக்குங்க..."

"என்ன? கேக்கல தம்பி. அந்தா... கடலப் பாத்துத் திரும்பிட்டு." பிளாரன்ஸ் சிரித்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லையே. மாப்பிள்ள வலது பக்கம் கைய மடக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. கிரேசிக்கு எப்ப வண்டி ஓட்டப் படிச்சுக் குடுத்தீய?"