இவர் கையை மட்டும்

— கையை இழுக்காதீங்க சார். இழுத்தா குட்டி நாய்க்கு அது விளையாட்டு. அப்படியே வச்சிருங்க, மரக்கட்டை மாதிரி.

— வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம். விட மாட்டேங்கறானே. டேய் மூட்டை, விடுடா.

— பேசவும் கூடாது. இப்ப விட்டான் பாருங்க. எழுந்து போய் அந்தக் கதவுக்குப் பின்னாடி நில்லுங்க, இருபது எண்ணிட்டு வாங்க. அக்கா, நீங்க இப்படி வாங்க. உங்க கையை அவன்கிட்ட நீட்டுங்க.

— என் கையை அவன் ஒண்ணும் பண்ண மாட்டான் மேடம். மோந்து பார்த்தான், நக்கினான், அவ்வளவுதான். இருபத்து மூணு நாளா என் கையில ஒரு பல்லு பட்டதில்ல. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

— நோட்டு வேற போடுறீங்களா?

— கணக்கு டீச்சரா இருந்தவ. எண்ணாம இருக்க வராது.

— பத்தொன்பது, இருபது. வரலாமா மேடம்?

— வாங்க. பார்த்தீங்களா, உங்க காலடி கேட்டதுமே முன்னங்காலை மடக்கிக்கிட்டுப் பின்பக்கத்தைத் தூக்குறான். வா, ஒரு கை பார்க்கலாம்னு கூப்பிடுறான். என்னையோ அக்காவையோ அப்படிக் கூப்பிடல. நாளைக்குக் கண் தெரியாத ஒருத்தரை ரோட்டுல கூட்டிட்டுப் போகப் போற நாய் சார் இவன்.

— என் கையில கிரீஸ் வாசனை மேடம். லிஃப்ட் மெக்கானிக் கை எப்படிக் கழுவினாலும் போகாது. அதான் பாருங்க, அவனுக்குப் பிடிச்சுப்போச்சு.

— கிரீஸ் வாசனைக்கு நக்குவான், கடிக்க மாட்டான். அக்கா, காலையில தூங்கினானா?

— பத்தேகால்லேர்ந்து பன்னெண்டு வரைக்கும். தூக்கம் கெட்டா அவனுக்கு வாய் நீளும்னு நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு தூக்கம்கூட விட்டதில்ல. பல்லு ஊறலுக்கு ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வச்சுக் கொடுக்கறேன். அதையும் கடிச்சுப் போட்டுட்டு இவர் கையைத்தான் தேடுறான்.

— சரி. அவனைக் கொஞ்சம் கீழே கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. தெருமுனை வரைக்கும் போதும். நான் சார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்.

— வாடா மூட்டை. படியில இழுக்காம வரணும், என்ன?

— உட்காருங்க சார்.

— பரவாயில்ல மேடம், நின்னுக்கறேன். எங்க போடணும் கையெழுத்து?

— கையெழுத்து எல்லாம் ஒண்ணும் இல்ல. சட்டைக் கை ரெண்டையும் மேலே மடிங்க.

— எதுக்கு?

— மடிங்க சார். வலது கையில இந்தப் பல்லுத் தடம் இன்னைக்கு விழுந்தது. இது நேத்து. இதெல்லாம் பழசு, முழங்கை வரைக்கும் இருக்கு. இடது கையில ஒண்ணுகூட இல்ல. தப்பிக்கப் பார்க்கறவங்க கையில இப்படி விழாது. நீட்டிக் கொடுக்கறவங்க கையிலதான் விழும். பதினோரு வருஷமா இதே வேலைதான் எனக்கு.

— தண்ணி ஏதாவது கொண்டுவரட்டுமா மேடம்?

— வேண்டாம். நேரா கேக்கறேன். தினமும் எத்தனை மணிக்கு?

— ஆறு மணிக்கு. இவ குளிக்கப் போறப்ப.

— எங்க?

— பின்னாடி, துணி காயப்போடுற இடத்துல. கையை அவன் மூஞ்சிக்கு நேரா ஆட்டிச் சீண்டுவேன். கவ்வினா சபாஷ்னு தட்டிக் கொடுப்பேன். பிஸ்கட்டும் கொடுப்பேன். தெரியும் மேடம், அப்படிப் பார்க்காதீங்க. நீங்க வாராவாரம் வந்து கட்டுறதை நான் தினம் காலையில இடிச்சுக்கிட்டிருந்தேன்.

— எதுக்காக சார்?

— அந்த ஜன்னலைத் திறந்துக்கறேன்.

— திறங்க. ஆனா நடக்காம சொல்லுங்க. நீங்க நடக்க நடக்க எனக்குத் தலை சுத்துது.

— எங்க பொண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியும்ல?

— விண்ணப்பத்துல தவறிட்டாங்கன்னு மட்டும் எழுதியிருந்தீங்க.

— பத்தொன்பது வயசு. ஹாஸ்டல்ல காய்ச்சல், மூணே நாள். அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள போய்ப் பொண்ணோட கட்டில்ல படுத்தவதான் இவ. வேலையை விட்டா. தட்டைக் கொண்டுபோய் வச்சா பாதி சாப்பிடுவா, மீதி காஞ்சு கிடக்கும். இவ அக்கா வந்து பேசினாங்க, டாக்டர் பேசினார். ஒண்ணும் நடக்கல. ஒரு வருஷம் மேடம். அப்பத்தான் என் தங்கச்சி உங்க பள்ளியைப் பத்திச் சொன்னா. வழிகாட்டி நாய்க்குக் குட்டி வளர்த்துக் கொடுக்க வீடு தேடுறாங்கன்னா. இவளை ஒரு வார்த்தை கேக்கல, தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்புறம்?

— நாலாவது நாள், குட்டி என் கட்டைவிரலைப் பதம் பார்த்துருச்சு. நல்ல ரத்தம். நான் சமையல் ரூம்ல குழாயில காட்டிக்கிட்டு நிக்கறேன், பின்னாடி ஆள் நிக்குது. இவ. மருந்து டப்பா எங்கன்னு கேட்டா. கட்டுப் போட்டுவிட்டுட்டு, கீழே குனிஞ்சு குட்டியைத் தூக்கிக்கிட்டா. அதான் பாருங்க மேடம், எந்த மனுஷனாலயும் முடியாததை ஒரு நாலுகால் ஜீவன் பண்ணிருச்சு. அதைப் போய் நான் பதினாலாவது மாசம் உங்க பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கணுமா?

— அதுக்குத்தான் கடிக்கப் பழக்கினீங்களா?

— பரீட்சையில தேறாத நாயை வளர்த்த வீட்டுக்கே கொடுத்துருவோம்னு உங்க பேப்பர்லயே போட்டிருக்கு. அஞ்சாவது பக்கம். பத்து தடவை படிச்சேன். கடிக்கிற நாய் எப்படித் தேறும்?

— ஆறாவது பக்கம் படிச்சீங்களா?

— இல்ல.

— கண் மங்கல், இடுப்பு எலும்புல கோளாறு, இடிச்சத்தத்துக்கு நடுங்குறது, இதெல்லாம் நாயோட குறை. அப்ப வளர்த்தவங்ககிட்டயே விட்டுருவோம். வாய் வைக்கிறது வீட்டோட குறை. ஆறு மாசம் முடிஞ்சும் கையைக் கவ்வினா அந்த வீட்லேர்ந்து எடுத்துருவோம். வேற ஊர், வேற ஆள். மறுபடி இந்தப் படி ஏற மாட்டான். இன்னைக்கு அவனுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சு ஒன்பது நாள்.

— அப்ப மூணு வாரம்தானா?

— மூணு வாரம்தான். இப்பவாவது உட்காருங்க சார்.

— என் கையாலயே புடுங்கி எறிஞ்சிருக்கேனே மேடம்.

— ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப அவன் இருபத்திரெண்டு கிலோ. அடுத்த மழைக்குள்ள முப்பத்தஞ்சைத் தொடுவான். சின்ன ஜாதி நாய் வாய் வச்சா கீறலோட போகும். இவன் வச்சா ஆளே சாஞ்சுருவாங்க. ஆஸ்பத்திரியில ஃபோன் எடுக்குற வேலை பார்க்கறாங்க கண் தெரியாத ஒரு அம்மா. ரெண்டு வருஷமா ஒரு நாய்க்காக எங்க வரிசையில நிக்கறாங்க. தினமும் ரெண்டு பெரிய ரோட்டைத் தாண்டணும். நடு ரோட்டுல இவன் திரும்பி அவங்க கையைக் கவ்வி, வா விளையாடலாம்னா?

— அவங்களை நான் நினைக்கவே இல்ல மேடம். இவளை மட்டும்தான் நினைச்சேன்.

— அது தெரியுது. அதனாலதான் கத்தாம பேசிக்கிட்டிருக்கேன்.

— திருத்த முடியுமா?

— நீங்க திருந்தினா முடியும். அவன் கவ்வினா மரக்கட்டை. விட்டதும் வெளியே. இருபது எண்ணிட்டு உள்ளே. அவன் வாய்க்குக் கயிறு முடிச்சைக் கொடுங்க, அதைக் கடிச்சா மட்டும் சபாஷ். முதல் வாரம் இப்ப இருக்கறதைவிட மோசமாக் கவ்வுவான். நேத்து வரைக்கும் கிடைச்ச பிஸ்கட் எங்கன்னு கேப்பான். அப்ப மனசு இளகி ஒரே ஒரு தடவை விட்டுக் கொடுத்தாலும், அவ்வளவும் தண்ணியில எழுதினதுதான்.

— ஒரு நிமிஷம் மேடம், ஃபோன். சொல்லு. எத்தனாவது மாடி? எத்தனை பேர் உள்ள? கதவைத் தள்ள வேண்டாம்னு சொல்லு, மெயின் சுவிட்சைத் தொடாதே. இந்தா வந்துட்டேன். மேடம், நான் கிளம்பணும், எட்டாவது மாடியில லிஃப்ட்டுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. இவகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க.

— நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லப் போறீங்க. சொல்லிட்டுக் கிளம்புங்க.

— எப்படி மேடம் சொல்றது?

— படியேறி வர்றாங்க. சீக்கிரம் முடிவு பண்ணுங்க.

— வந்துட்டோம். முப்பத்தாறு படி, ஒரு தடவைகூட இழுக்கல. என்னங்க, ஏன் இப்படி வேர்த்திருக்கு?

— ஏம்மா, இவனைக் கடிக்கப் பழக்கினது நான்தான். தினமும் காலையில. இவன் தேறாமப் போனா நம்மகிட்டயே இருப்பான்னு நினைச்சேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— குளிக்கிற ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தானே இருக்கு. நோட்டுல என் பக்கம் பூஜ்யம், உங்க பக்கம் ஏழு, எட்டு, ஒன்பது. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் வேணுமா?

— தெரிஞ்சும் ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?

— ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னு வாயெடுப்பேன் மேடம். ஆனா ஆறு மணிக்கு அங்க நின்னுக்கிட்டு இவர் அவன்கூடச் சிரிப்பார். அதைக் கேட்டுக்கிட்டே அரை மணி நேரம் குளிப்பேன். இவர் தப்பு பாதின்னா என் தப்பு பாதி. இனிமே நானும் பின்னாடி வந்து நிக்கறேன். பதினாலு மாசம் ஆனதும் அவனை நானே கொண்டுவந்து விடுறேன்.

— நம்பாதீங்க மேடம். சும்மா சொல்றா. அவன் போனா மறுநாளே இவ அந்த ரூமுக்குள்ள போய்ப் படுத்துருவா. ஏம்மா, அவனுக்காகத்தானே நீ எழுந்து வந்தே?

— இல்லைங்க. பொண்ணைக் கொண்டுபோன நாள்லேர்ந்து நீங்க வாய்விட்டு ஒரு வார்த்தை பேசல. தட்டைக் கதவோரம் வச்சுட்டுப் பூனை மாதிரி போய்ருவீங்க, நானும் படுத்துக்கிட்டே உங்க சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். குட்டி கடிச்ச அன்னைக்குத்தான் ஒரு வருஷம் கழிச்சு, வலிக்குதுன்னு கத்துனீங்க.