பாட்டின் மறுபாதி

நசுங்கிய தக்காளியின் வாசனை எங்கே வந்தாலும், எழுபதுகளின் ஒரு பஸ் எனக்குள் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். பாலக்கோட்டுச் சந்தை முடிந்து காலிக் கூடைகளோடு திரும்பும் சாயங்கால பஸ். என் முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"அவ செத்துட்டான்னு நெனச்சிட்டு அவன் பாடறான் அண்ணி. அவ கெணத்துக்கு அந்தாண்ட நிக்கறா. திரும்பிப் பாத்தாளா இல்லியான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

"எத்தன தடவடி அந்தப் படத்தப் பாத்த?"

"அத்தன தடவயும் பாதிப் பாட்டுல கடைசி பஸ்ஸுக்கு ஓடியாந்தேனே!"

டிக்கெட் கிழித்த கண்டக்டரிடம் அண்ணி திரும்பினாள். "இன்னிக்கும் அந்தப் படத்துக்குத்தான் போறோம். கடைசி டிரிப்பும் நீங்கதானேங்க? பாட்டு முடியற மட்டும் நிக்கக் கூடாதுங்களா?"

"டைம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"அதுல வர்றவங்க பூராவும் சினிமாக் கொட்டாயிலிருந்துதான் ஓடியாறோம். எங்கள உட்டுட்டு யார ஏத்திட்டுப் போவீங்க?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் திரும்பாமலே கத்தினார்: "வெளிய நின்னு நானும் பாதிப் பாட்டுத்தான்யா கேட்டிருக்கறேன்! இன்னிக்கு முழுசாக் கேட்டுரலாம்!"

கொட்டாய் வாசலில் பஸ் நின்றது. கடைசி டிரிப் வரை அதற்கு அங்கேதான் ஓய்வு. இறங்கிய இளையவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"பாதியில விசில் ஊதிட மாட்டீங்களேண்ணா?"

கண்டக்டர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவள் கூடைக்குள் போட்டார்.

"அவ திரும்பினாளான்னு பாத்துட்டு வந்து நீயே ஊது, தங்கச்சி."