பச்சைக்கு அடியில் பிரைமர்

புதிதாக ஏர்பிரஷ் பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள் சார். பெயின்ட்டை முதலில் திறந்துவிடுவார்கள். விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும். முதலில் காற்று, அப்புறம் பெயின்ட். நிறுத்தும்போது பெயின்ட்டை முதலில் நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் கோடு வர வேண்டிய இடத்தில் எச்சில் துப்பியது போலப் புள்ளி விழும். என் தங்கை கணவர் மூன்று வாரம் துப்பினார்.

அவர் இருபது வருஷம் வேலை பார்த்த குடோனை மூடிவிட்டார்கள். ஒருநாள் என் பட்டறைக்கு வந்து, "மச்சான், எனக்கும் இதக் கத்துக் குடுங்களேன். சும்மா வீட்ல உக்காந்திருந்தா உங்க தங்கச்சி என்னையும் சேத்துத் தூசி தட்டிடுவா" என்றார். மாப்பிள்ளை கேட்டு எப்படி மறுப்பது? பழைய செய்தித்தாளில் மையும் தண்ணீரும் வைத்துப் புள்ளி போடக் கற்றுக்கொடுத்தேன். பிறகு கோடு, பிறகு நிழல். பிறகு காரில் கீறல் விழுந்த இடத்தை எப்படித் தேய்ப்பது, பட்டி போடுவது, பிரைமர் அடிப்பது, கலர் பிடிப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். பிரைமர் இல்லாமல் எதன் மேலும் கலர் அடிக்கக் கூடாது என்று தினமும் சொல்வேன். ஆனால் அவருக்கு ஆசையெல்லாம் பானட்டில் கழுகு வரைவதில்தான். வரைந்தார். கோழி வந்தது. அவரே அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

நல்ல மனிதர். மறதி மட்டும் கொஞ்சம் அதிகம். என் மகள் சின்ன வகுப்பில் படித்தபோது அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனவர், அவள் பையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவருக்கு மறதி மன்னன் என்றே பெயர். அவரும் அதைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொண்டார். எதிலாவது சந்தேகம் வந்தால் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவர் பட்டறையில்தான் இருந்தார். முதல் வாக்குமூலத்தில் அவர் இங்கே இல்லை என்று நான் சொன்னது பொய். அவருடைய வெள்ளைக் கார் ஷட்டருக்குப் பின்னால் நின்றது. முன் பம்பரில் இருந்த கீறலைச் சரிசெய்து பழகுவதற்காகத் தேய்த்து வைத்திருந்தோம். விளக்கு, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காரை எடுத்துக்கொண்டு அன்றைக்கு யாரும் எங்கேயும் போயிருக்க முடியாது.

ஆறு மணி இருக்கும். மகள் போன் செய்தாள். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு எடுத்தேன். சைக்கிளில் போன ஒரு பெண்ணை இடித்துவிட்டதாகச் சொன்னாள். எல்லாம் முடிந்துபோய்விட்டது என்றாள். நேராக வீட்டுக்கு வா என்றேன். மாப்பிள்ளை தலை தூக்கி, "யாரு மச்சான், பாப்பாவா?" என்று கேட்டார். வர நேரமாகுமாம் என்றேன். "பத்திரமா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கோழியின் இறக்கையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்தப் பெண் ஒரு தையல்காரி. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். முக்கால் மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு பால்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் உயிர் போனது. இரண்டு பிள்ளைகள், சின்னது நாலாம் வகுப்பு. செய்தித்தாளில் படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். தாயில்லாத பிள்ளையை வளர்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து என் மகளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன்.

அவள் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மூன்று முறை சொன்னாள். பொறு என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்குட்டை மறந்தால்கூட எனக்குப் போன் செய்கிற பெண், ஜெயிலில் என்ன செய்வாள்?

வெள்ளைக் கார் ஒன்று எங்கள் தெருப்பக்கம் திரும்பியதை யாரோ பார்த்திருந்தார்கள். அந்த அளவில் வெள்ளைக் கார் எங்கள் பக்கத்தில் இரண்டுதான். ஒன்று மகளுடையது, இன்னொன்று மாப்பிள்ளையுடையது. யாராவது ஒருவர் கிடைக்கும்வரை நீங்கள் தேடுவீர்கள் என்று தெரியும். அது உங்கள் வேலை.

மகளின் பம்பரில் சைக்கிளின் பச்சை, கையளவு நீளத்துக்கு ஒட்டியிருந்தது. துடைப்பதற்கு முன் அதைப் பார்த்துக் கலர் கலந்தேன். வெயிலில் வெளுத்த பச்சை, சுலபத்தில் பிடிபடாது. ஈரத்தில் ஒரு நிறமாக இருக்கும், காய்ந்தால் வேறாகிவிடும். மூன்றாவது கலவையில்தான் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் அமைந்தது. மாப்பிள்ளையின் பம்பரில் தேய்த்து வைத்திருந்த இடத்தில் அதை மெல்லிய கீற்றாக அடித்தேன். பிறகு மகளின் காரைச் சுத்தமாக முடித்தேன். நல்ல வேலை. நீங்களே மூன்று முறை பார்த்தும் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வந்தார். இன்றைக்கு வெள்ளை அடிக்கலாம் என்றேன். குனிந்து பார்த்தவர், "இதென்ன மச்சான் பச்சையா இருக்கு?" என்றார்.

"உங்க கேட்ல உரசினதுதான் மாப்பிள்ளை."

"எங்க கேட்டு கறுப்பாச்சே."

"அதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்டா இருக்கும்."

"ஓ, ஆமாமா, இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு அதன் மேல் அவரே வெள்ளை அடித்தார். முதலில் காற்று, அப்புறம் பெயின்ட். ஒரு துளி துப்பவில்லை. அவர் செய்த முதல் சரியான வேலை அதுதான். மறுநாள் நீங்கள் வந்தபோது புதுப் பெயின்ட்டின் வாசனைகூடப் போயிருக்கவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு போனார், ஏழு மணிக்குப் பதறிப்போய்த் திரும்பிவந்து பம்பரை உடனே சரிசெய்ய வேண்டும் என்றார் என்று உங்களிடம் எழுதிக்கொடுத்தேன். பிறகு, ஸ்டேஷன் பெஞ்சில் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார அனுமதித்தீர்கள். அப்போது அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "நீங்க பட்டறையில இருந்தது செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை. புதன்கிழமை வண்டிய எடுத்துட்டுப் போனீங்க. திரும்பி வந்தப்போ கை நடுங்கிச்சு, நான்தான் தண்ணி குடுத்தேன்." மிரட்டவில்லை, அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

ஜெயிலுக்கு நான்கு முறை போய்ப் பார்த்தேன். அவர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்பார். கடைசி முறை போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தம்மா மொகத்த எவ்வளவோ யோசிச்சுப் பாக்கறேன் மச்சான், ஞாபகமே வரல. ஒரு உயிர எடுத்துட்டு மொகத்தக்கூட மறந்துட்டேனே, நான்லாம் மனுஷனா?" என்றார். மறதி அவருடைய தப்பில்லை என்று ஆறுதல் சொன்னேன். வெளியே வந்து தெருவென்றும் பாராமல் அழுதேன். நான்காம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டே போனார். அவருக்காக இன்றும் அழுகிறேன். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

என் தங்கை சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை அவர் நடந்துதான் வீட்டுக்கு வந்தார், நகமெல்லாம் பெயின்ட், நான்தான் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன் என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கும் நாள் மாறிப்போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அவருக்குத்தான் மறதி, எனக்கு இல்ல அண்ணா" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அவள் எழுதிக்கொடுத்த மனுவால்தான் பம்பர் மறுபடியும் சோதனைக்குப் போனது.

அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். பச்சைக்கு அடியில் பிரைமர். சைக்கிள் வந்து மோதும்போது பிரைமர் அடித்துவிட்டு மோதுவதில்லை. இருபத்தேழு வருஷப் பழக்கம் சார், பிரைமர் இல்லாமல் கலர் அடிக்க எனக்குக் கை வராது. அடித்ததுகூட ஞாபகமில்லை. எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிறது.

ஆக, மகளின் காரைச் சரிசெய்தது நான். பச்சை அடித்தது நான். பொய் எழுதிக்கொடுத்தது நான். மாப்பிள்ளையின் சாவுக்கும் நான்தான் காரணம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் பெற்ற பிள்ளைக்காகச் செய்தது.

நேற்று என் மகள் வந்து எழுதிக்கொடுத்த காகிதத்தை இப்போது படித்துக் காட்டினீர்கள். அதில் ஒன்று மட்டும் சரியில்லை. 'அப்பா, மூச்சு விடறாங்க, கண்ணத் தொறந்து என்னையே பாக்கறாங்க, ஆம்புலன்ஸ கூப்பிடட்டுமா?' என்று கேட்டதாகவும், நான் 'கூப்பிடாதே, விட்டுட்டு வா' என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாள். அவள் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? எல்லாம் முடிந்துபோய்விட்டது என்றுதான் சொன்னாள். நாலு மாதமாகத் தூக்கமில்லை, சரியான சாப்பாடில்லை, சின்னப் பெண், எதையோ குழப்பிக்கொள்கிறாள். வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். ஐந்து நிமிடம் அவளை என்னோடு தனியாக விடுங்கள் சார். நான் ஞாபகப்படுத்திவிடுகிறேன்.